கல்லாறும் கண்ணாடிக் கடலும்

கல்லாறு என்னும் பெயரைக் கேட்டவுடன் கொங்கு நாட்டு அன்பர்களுக்கு மேட்டுப்பாளையத்தை அடுத்த மலையடிவாரமும், அங்குள்ள அரசினர் பழப்பண்ணையும் நினைவிற்கு வரும். ஈழத்து அன்பர்களுக்கு மட்டக்களப்புப் பகுதியிலுள்ள கல்லாறு கண்முன் நிற்கும். கல்லும் ஆறும் கூடிய இடத்திற்கு நம் முன்னோர் இட்ட எளிய பெயர் அது. நாம் இங்குக் காணப்போவது திருவனந்தபுரம் மாவட்டத்துக் கல்லாறு. தமிழும் மலையாளமும் பிரிவறியாது கலந்து கிடக்கும் பெயர்களுள் அதுவும் ஒன்று.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் கல்லாறு உள்ளது. இதனைக் கடந்ததும் சாலை மலைமீது ஏறத் தொடங்குகிறது. 22 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சென்றால் 1,100 மீட்டர் உயரத்திலுள்ள பொன்முடியை அடையலாம். மலைக்குச் செல்வோர் பலர் கல்லாற்றைப் பேருந்தின் பலகணி வழியே ஒரு நொடி பார்த்துவிட்டுப் போய்விடுகின்றனர். இறங்கி நின்று பார்ப்பவர்க்கே அதன் அருமை விளங்கும்.

ஆற்றில் நீரைவிடக் கல்லே மிகுதி. யானைக் கன்றுபோற் படுத்திருக்கும் பெரும்பாறைகளும், அம்மிக் குழவிபோல் உருண்டு மழமழத்த கற்களும், நெல்லிக்கனி அளவான கூழாங்கற்களும் படுகை முழுவதும் பரந்து கிடக்கின்றன. அவற்றினிடையே பளிங்கு போன்ற நீர் சலசலத்து ஓடுகிறது. சற்று மேலே காட்டினுள் நடந்து சென்றால் மீன்முட்டி அருவியைக் காணலாம். கீழிருந்து வரும் மீன்கள் மேலேற வழியின்றி முட்டி நிற்கும் இடம் என்று அதன் பெயருக்குப் பொருள் கூறுவர். இக்காட்டில் வாழும் காணிப் பழங்குடியைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மையார், மூலிகை அறிவிற்காகவும் நச்சுக்கடி மருத்துவத்திற்காகவும் 2018-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். பிள்ளைகளுடன் செல்வோர்க்கு ஓர் எச்சரிக்கை. இங்குள்ள கயங்கள் பார்வைக்கு ஆழமற்றவைபோல் தோன்றி ஏமாற்றுவன. மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெள்ளம் திடீரென வரும். உயிரிழந்தோர் பலர். கரையிலிருந்து காண்பதே அறிவுடைமை.

அவ்வாறு கரையில் நின்று காண்போர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. காட்டில் உதிரும் இலையும், இறந்த பூச்சியும், மீனின் கழிவும் இந்த நீரில்தான் விழுகின்றன. ஆயினும் நீர் கெடாமல் தெளிந்தே இருப்பது எவ்வாறு? விடை கல்லில் இருக்கிறது. ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்தால் வழுவழுப்பாயிருக்கும். அவ்வழுவழுப்பு கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்களின் குடியிருப்பு. நீரில் சேரும் நச்சுப்பொருளாகிய அமோனியாவை அவற்றுள் ஒரு சாரார் நைட்ரைட்டாக மாற்றுகின்றனர். வேறொரு சாரார் அதனை மிகுந்த தீங்கற்ற நைட்ரேட்டாக மாற்றுகின்றனர். நீர் கல்லில் மோதிச் சிதறும்போது காற்றிலுள்ள உயிர்வளி அதிற் கரைகிறது. கல், ஓட்டம், நுண்ணுயிர் ஆகிய மூன்றும் சேர்ந்து ஆற்றைக் காக்கின்றன. வீட்டில் கடல்மீன் தொட்டி அமைக்க விரும்பும் அன்பர்கள் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

நன்னீர் ஆற்றில் கடல்மீனைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வினவலாம். கல்லாறு கடலுக்குத்தான் செல்கிறது. அது வாமனபுரம் ஆற்றின் மேற்பகுதி. செம்முஞ்சி மொட்டை என்னும் மலையில் தோன்றும் அவ்வாறு, சுமார் 88 கிலோமீட்டர் ஓடி அஞ்சுதெங்குக் காயலில் கலக்கிறது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய கோட்டை அவ்வூரில் இன்றும் உள்ளது. காயலுக்கு அப்பால் அரபிக்கடல் விரிகிறது.

ஆற்று மீன் கடலிற் சென்றால் பெரும்பாலும் மடியும். கடல் மீன் ஆற்றில் விடப்பட்டாலும் அவ்வாறே. நன்னீர் மீனின் உடலில் வெளிநீரைவிட உப்பு மிகுதி. ஆகவே நீர் அதன் உடலுக்குள் ஓயாமற் புகுகிறது. அதனை அம்மீன் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. கடல்மீனின் நிலை இதற்கு நேர்மாறானது. உப்பு மிகுந்த வெளிநீர் அதன் உடல்நீரை ஈர்த்துக்கொள்வதால், நீரின் நடுவே வாழ்ந்தும் அது தாகத்தால் கடல்நீரைக் குடிக்கிறது. மிஞ்சிய உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. பிறந்த நீரின் இயல்பு மீனின் உடலோடு ஒன்றியது. இடம் பெயர்த்து வைப்பவர் அந்நீரையும் உடன் அமைத்துத் தரவேண்டும். ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கல்லாற்றைக் கண்டவர்கள் திரும்பும் வழியில் விழிஞத்திற்கும் சென்று வருதல் நலம். தலைநகருக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூர் ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கியது. பாண்டியர் செப்பேட்டிலும் இடம் பெற்றது. 2025-ஆம் ஆண்டு மே மாதம் இங்குப் பெருந்துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விழிஞம் கிளையில் ‘சாகரிகா’ என்னும் கடல்மீன் காட்சிச்சாலை உள்ளது. அந்நிலையம் 1947-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, நம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் பல்லாண்டு தலைமையிடம் கொண்டிருந்து, பின்னர் கொச்சிக்கு மாறியது. கோமாளி மீன் முதலிய அழகு மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை அந்நிலையத்தார் உருவாக்கியுள்ளனர். பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தாரும் இத்துறையில் வெற்றி கண்டனர்.

கடலைக் கண்ணாடிக்குள் அடைக்கும் கலை நமக்குப் புதிதன்று. இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1853-ஆம் ஆண்டு மீன் இல்லம் திறக்கப்பட்டது. சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே கடல்மீன் காட்சிச்சாலை அமைந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. பம்பாயில் தாராபோர்வாலா காட்சிச்சாலை 1951-இல் திறக்கப்பட்டது. ஆயினும் சாமானியர் வீட்டில் கடல்மீன் வளர்ப்பது அரிதாகவே இருந்தது. 1961-ஆம் ஆண்டில் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார் உயிர்வாழும் பாறைத்துண்டுகளையும் காற்றுக்குமிழிகளையும் கொண்டே கடல்மீன்களைப் பேணலாம் என்று எழுதி வழிகாட்டினார். அவர் கண்டதும் கல்லாற்றின் நெறியே.

இனித் தொட்டி அமைக்கும் முறையைக் காண்போம். சிறு தொட்டி எளிது என்று பலரும் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. நீர் குறைவாயின் வெப்பமும் உப்பும் நஞ்சும் விரைவில் மாறும். 3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரமுள்ள தொட்டி சுமார் 190 லிட்டர் நீர் கொள்ளும். முதன்முறை தொடங்குவோர்க்கு அது பொருத்தம். நீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து கால் டன்னுக்கு மேல் எடையாகும் என்பதை மறத்தல் கூடாது. மாடிக்குடியிருப்பில் வாழ்வோர் சுவரோரமாக, உறுதியான இரும்புத் தாங்கியில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

அடுத்தது நீர். சமையலுப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. கடலுப்பில் பெரும்பகுதி சோடியமும் குளோரைடுமே ஆயினும், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் முதலியனவும் உரிய அளவில் உள்ளன. ஆதலால் இதற்கென விற்கப்படும் கடலுப்புக் கலவையை, ஆர்.ஓ. முறையில் தூய்மை செய்த நீரில் கரைக்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் அளவு. மேற்சொன்ன தொட்டிக்கு ஆறரைக் கிலோவிற்குச் சற்று மேல் தேவைப்படும். அடர்த்தி 1.025 ஆக இருத்தல் நன்று. அதனை அளக்கும் கருவி கடையில் கிடைக்கும். வெப்பம் 25 முதல் 28 பாகை வரை இருக்கலாம். நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறையும் நீரை நன்னீரால் மட்டுமே நாள்தோறும் நிரப்ப வேண்டும். உப்புநீரை ஊற்றி நிரப்பினால் உவர்ப்பு ஏறிக்கொண்டே போகும்.

மூன்றாவது கல். கல்லாற்றுக் கூழாங்கல்லை எடுத்து வந்து தொட்டியிலிடலாம் என்று பிள்ளைகள் ஆசைப்படுவர். அது காட்டின் உடைமை, எடுத்தல் முறையன்று. அன்றியும் அது இறுகிய கல். அதன் மேற்பரப்பில் மட்டுமே நுண்ணுயிர் குடியேறும். கடல்மீன் தொட்டிக்கு உள்ளெல்லாம் துளைகள் உள்ள கல் வேண்டும். நம் கடற்கரையில் பவளப்பாறையை எடுப்பது சட்டப்படி குற்றம். கெட்டிப் பவளங்களும் கடற்குதிரைகளும் 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து வந்தது என்று எவரேனும் பவளக் கல்லை விற்க முன்வந்தால் வாங்குதல் ஆகாது. துளையுள்ள சுட்டமண் கற்களும் செயற்கைப் பாறைகளும் அதே பணியைச் செய்யும். ஆற்றின் ஓட்டத்திற்கு ஈடாக, நீரைச் சுழற்றும் மோட்டார் ஒன்றோ இரண்டோ வேண்டும். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவியும் இருப்பின் மிக நன்று.

இவ்வளவும் அமைத்த பின்னர் வருவதே கடினமான பகுதி. அதன் பெயர் காத்திருத்தல். கல்லில் நுண்ணுயிர் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சிறிதளவு அமோனியாவை இட்டு, சோதனை மருந்தினால் அளந்துகொண்டே வரவேண்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் எழுந்து, பின் தணிந்து, சுழியமாகும் நாளில்தான் தொட்டி மீனுக்கு உரியதாகும். தொட்டியை ஞாயிறன்று வாங்கி, மீனைத் திங்களன்று விட்டு, வெள்ளியன்று இறந்த மீனை எடுத்தெறியும் வழக்கம் உலகெங்கும் உண்டு. மீன் நோயால் இறந்தது என்று அவர்கள் எண்ணுவர். வீடு கட்டி முடியுமுன் குடியேற்றியதே காரணம்.

முதல் மீனாகக் கோமாளி மீன் இணை ஒன்றைக் கொள்ளலாம். செம்மஞ்சள் நிறத்தில் வெண்பட்டை உடுத்த இம்மீன் அடக்கமானது. பொரிப்பகத்தில் பிறந்தது கிடைக்கிறது. கடல் சாமந்தியின் துணையின்றியும் வாழும். இவ்வினத்தில் எல்லாக் குஞ்சுகளும் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் முதன்மை பெற்றதே பெண்ணாக மாறுகிறது. முட்டைகளை ஆண்மீன் விசிறிக் காக்கும். ஒரு வாரம் அளவில் குஞ்சு பொரிக்கும். நன்கு பேணினால் பத்தாண்டிற்கு மேலும் வாழும். சந்தைக்கு வரும் ஏனைய பாறை மீன்களிற் பெரும்பாலானவை கடலிலிருந்து பிடிக்கப்பட்டவை. பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில் 1960-களிலிருந்து சயனைடு நஞ்சைப் பாறையில் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் கொடுமை நடந்து வந்திருக்கிறது. அதனால் மீனும் மடிகிறது, பவளமும் மடிகிறது. எனவே, “இது எங்கே பிறந்தது?” என்று கடைக்காரரைக் கேட்டு வாங்குவது ஒவ்வொருவர்க்கும் கடமை.

வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுதல், இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே உணவிடுதல், புதிய மீனை மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தல் ஆகியவை நாள்முறைப் பணிகள். மின்சாரம் தடைப்படுமாயின் பாட்டரியால் இயங்கும் காற்றுக் கருவி ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

நம் போன்ற குடும்பங்களுக்கு மேலும் இரண்டு கவலைகள் உண்டு. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊருக்குப் போகிறோம். அப்போது அண்டை வீட்டார்க்கு உணவை நாள்வாரியாகப் பொட்டலமிட்டுக் கொடுத்து, நன்னீர் ஊற்ற வேண்டிய கோட்டைத் தொட்டியிற் குறித்துவிட்டுச் செல்ல வேண்டும். பணி மாற்றம் வந்து வேற்றூர் செல்ல நேரின், கல்லை அதே நீரில் நனைந்தபடியே எடுத்துச் செல்ல வேண்டும். உலர்ந்தால் அதிலுள்ள நுண்ணுயிர் மடிந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும். கொண்டு செல்ல இயலாவிடின் மீனை வேறொரு வளர்ப்பாளரிடம் ஒப்படைக்கலாம். ஆற்றிலோ கடலிலோ விடுதல் அருளுடைமை போலத் தோன்றினும் தீங்கே தரும். இந்தியப் பசிபிக் கடல்களுக்குரிய சிங்கமீன் அமெரிக்கக் கரையோரத்தில் 1980-களில் புகுந்து, அட்லாண்டிக்கின் சிறுமீன்களை இன்றளவும் விழுங்கி வருகிறது. வளர்ப்போர் விட்ட மீன்களே அதற்குக் காரணம் என்பர். கேரளத்தில் 2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் அரபைமா என்னும் தென்னமெரிக்கப் பெருமீன் ஆறுகளில் வலைப்பட்டது.

இவ்வளவு பொறுப்பையும் ஏற்க நேரமும் பொருளும் இல்லாதவர் வருந்த வேண்டுவதில்லை. ஒரு விடுமுறை நாளில் காலையில் கல்லாற்றையும், மாலையில் விழிஞத்துக் காட்சிச்சாலையையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். தொட்டி அமைப்போரும் அப்பயணத்தை முதலில் மேற்கொண்டு, அதன் பின்னர்க் கடைக்குச் செல்வார்களாக. கல்லைக் கண்டவர்க்குக் காத்திருக்கும் காரணம் விளங்கும். காத்திருந்தவர் வீட்டில் மீன் வாழும்.