நார்மல்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க

மேல் வீட்டுப் பெரியவர், எழுபதைத் தாண்டினவர். நேத்து படிக்கட்டுல பார்த்து சந்தோஷமா சொன்னார்:

"பிரஷர் நார்மலுக்கு வந்துடுச்சு தம்பி. மாத்திரையை நிறுத்திட்டேன்."

எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு.

ஐயா, மாத்திரை போடறதாலதான் அது நார்மலா இருக்கு!

தலை சுத்தல, வலி இல்ல, அப்புறம் எதுக்கு மருந்துன்னு பல பெரியவங்க நினைக்கறாங்க. பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது.

"வயசானா கூடத்தானே செய்யும்"னு விடறதும் தப்பு.

வயசாக ஆக ரத்தக்குழாய் விறைச்சுப் போகும். பலருக்கு பிரஷரோட கீழ் அளவு சரியா இருக்கும், மேல் அளவு மட்டும் 160, 170னு ஏறும். அமெரிக்காவுல இப்படிப்பட்ட 60 வயசு தாண்டினவங்களை வச்சு ஷெப்னு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. 1991ல முடிவு வந்தது. மருந்து எடுத்தவங்களுக்குப் பக்கவாதம் 36 சதவீதம் குறைஞ்சுது.

யோசிச்சுப் பாருங்க. தினமும் ஒரு சின்ன மாத்திரை!

தமிழ்நாட்டுல அது வீடு தேடியே வருது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், 2021லேர்ந்து.

இன்னொண்ணு.
வாய் கோணினாலோ, ஒரு கையைத் தூக்க முடியலைன்னாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமா இருக்கலாம், உடனே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.
"தூங்கி எழுந்தா சரியாயிடும்"னு படுக்க வைக்காதீங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை, அறிகுறி ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். அதுக்கு முன்னாடி ஸ்கேன் வேற எடுக்கணும்.

டாக்டரைக் கேக்காம யாரும் பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீங்க, ப்ளீஸ்.

உங்க அம்மா அப்பாவுக்குக் கடைசியா எப்ப பிரஷர் பார்த்தீங்க?