கொல்லிமலை: 70 வளைவுகள், 21 துறைகள், பாட்டை மறந்த பாணர்கள்!

சேந்தமங்கலம் கடைவீதியைத் தாண்டும்வரை கொல்லிமலை ஒரு நீலக் கோடுதான். காளப்பநாயக்கன்பட்டி வந்ததும் அந்தக் கோடு சுவராகிவிடுகிறது. காரவள்ளி அடிவாரத்தில் சாலை அந்தச் சுவரில் ஏற ஆரம்பிக்கிறது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. பஸ்ஸில் போகிறவர்கள் இருபதுக்குள் எண்ணுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். பைக்கில் போகிறவர்களுக்கு எண்ணிக்கைதான் கெத்து!

சனி, ஞாயிறுகளில் இந்தச் சாலை பைக்காரர்களின் ராஜ்ஜியம். ஹெல்மெட்டுக்குள் இளையராஜா ஓடும், ராப் ஓடும், சிலருக்கு ஹெவி மெட்டல் ஓடும். அடித்து நொறுக்கும் டிரம்ஸ், வயிற்றை அதிரவைக்கும் கிடார், தொண்டை கிழியக் குரல். (வளைவுகளில் காதில் எதுவும் வேண்டாம். எதிரே வருகிற பஸ்ஸின் ஹார்ன் கேட்க வேண்டும்.) 'இந்த அமைதியான மலைக்கும் அந்தச் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று தோன்றலாம். ஆனால், கொல்லிமலையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் பழைய பாட்டு ஒன்றிலேயே ஒரு சத்தமான இசைக்குழு இருக்கிறது.

புறநானூற்றின் 152-வது பாட்டு அது. பாடியவர் வன்பரணர். பாணர்களும் விறலியரும் அடங்கிய ஒரு குழு காட்டு வழியே வருகிறது. அங்கே ஒரு வேடன் அம்பு விடுகிறான். அது யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றிலிருக்கும் உடும்பில் போய்ச் செருகி நிற்கிறது. குழுவின் தலைவனுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. 'இவன் கறி விற்றுப் பிழைக்கிற ஆள் மாதிரித் தெரியவில்லையே, வசதியானவன் போல இருக்கிறானே, ஒருவேளை வல்வில் ஓரியோ?'

அதற்குப் பிறகு நடப்பது, மேடைக்குப் பின்னால் இசைக்கலைஞர்கள் பேசிக்கொள்ளும் பேச்சு. நான் பாடுகிறேன், நீங்கள் முழவுக்கு மண் பூசுங்கள், யாழில் பண் சேருங்கள், யானைத் துதிக்கை மாதிரி இருக்கும் தூம்பை ஊதுங்கள், எல்லரி, ஆகுளி, பதலை எல்லாம் முழங்கட்டும் என்று தலைவன் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறான். வாத்தியப் பட்டியலைக் கவனியுங்கள். நரம்புக்கருவி யாழ் ஒன்றுதான். மற்றதில் பெரும்பகுதி தோல் கருவிகள். காட்டையே அதிரவைத்திருப்பார்கள்!

21 துறைகளையும் முறைப்படி பாடி முடிக்கிறார்கள். வலிவு, மெலிவு, சமன் என மூன்று நிலைகளில் ஏழு ஏழாகப் பாடுவதால் 21 என்பது பழைய உரை. பாட்டின் முடிவில் 'கோ' என்று அரசனை விளிக்க, வேடன் வெட்கப்பட்டுப்போகிறான். நாடு நாடாகச் சுற்றியிருக்கிறோம், உன்னைப் போல ஒரு வேடனைப் பார்த்ததில்லை என்று தொடங்கினால், மேற்கொண்டு பேசவே விடவில்லை. மான்கறி, தேறல், கூடவே பொன்னும் மணியும். காட்டில் கையில் இருந்ததையெல்லாம் கொடுத்துவிடுகிறான். அவன்தான் கொல்லிக்குத் தலைவன் ஓரி.

அடுத்த பாட்டு, 153, இன்னும் சுவாரசியம். ஓரியைப் பார்க்கப் போன சுற்றத்தாருக்கு வெள்ளி நாரில் தொடுத்த மணிக்குவளைப் பூக்கள், அணிகலன்கள், யானைகள் என்று கிடைத்தன. குளத்தில் பூக்காத குவளை அது. இனி பசி என்பதே இல்லை. விளைவு? அவர்கள் ஆடுவதை விட்டுவிட்டார்கள், பாட்டையும் மறந்துவிட்டார்கள் என்கிறார் வன்பரணர்.

வள்ளலின் கொடையைப் புகழும் வரிதான். ஆனால், இசையை நம்பிப் பிழைக்கும் யாரும் இதைப் படித்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியாது. வயிறு நிறைந்தால் பாட்டு போய்விடுமா? அப்படியென்றால் பாட்டுக்குப் பசிதான் சம்பளமா? இத்தனைக்கும், பாட்டை மறந்தார்கள் என்று சொன்னவர் அதையும் ஒரு பாட்டாகத்தானே சொல்லியிருக்கிறார்!

ஹெல்மெட்டுக்குள் ஓடுகிற அந்த ஹெவி மெட்டலின் கதையும் இதே கேள்வியில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம், ஆலைகள் நிறைந்த ஊர். டோனி ஐயோமிக்கு அப்போது 17 வயது, உலோகத் தகடு ஆலையில் வேலை. வேலையை விட்டு முழுநேரமாக கிடார் வாசிக்க முடிவெடுத்துவிட்டார். அன்றுதான் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பப் போக மனமில்லை. வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். அன்று பிற்பகல் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை எந்திரம் வெட்டிவிட்டது. இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால், கிடாரில் நரம்பை அழுத்தும் கையே அந்த வலது கைதான்.

நொந்து போய்க் கிடந்தவருக்கு ஆலை மேலாளர் ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட், இரண்டே விரல்களால் கிடாரில் சாதித்தவர். ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்துகொண்டார். நரம்புகள் கடினமாக இருந்ததால் மெல்லிய நரம்புகளைப் போட்டார். பின்னாளில் சுருதியையும் இறக்கினார். இருண்டு, கனத்து வந்த அந்த ஒலிதான் 1970-ல் 'பிளாக் சபாத்' குழுவின் முதல் ஆல்பமாக உலகத்துக்கு வந்தது. அதில் பாடிய ஓஸி ஆஸ்போர்ன் அதற்கு முன் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். பார்க்கின்சன் நோயோடு அவர் கடைசியாகப் பாடியது 2025 ஜூலை 5 அன்று, அதே பர்மிங்ஹாமில், நாற்காலியில் அமர்ந்தபடி. வருமானம் பார்க்கின்சன் நோய் அமைப்புக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் காப்பகத்துக்கும் என்று அறிவிக்கப்பட்டது. 22-ம் தேதி இறந்துபோனார்.

நம்மூர்க் கதைகளும் உண்டு. 2019-ல் ஜெர்மனியின் வாக்கன் விழா மேடையில் டோல் மேளத்தோடு ஏறிய டெல்லிக் குழு 'பிளட்டிவுட்'. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கரண் கட்டியார், கார்ப்பரேட் வழக்கறிஞர் வேலையை உதறிவிட்டு வந்தவர். மன அழுத்தத்தைப் பற்றி இவர்கள் போட்ட 'ஜீ வீரே' பாட்டோடு சேர்த்து, ரசிகர்களுக்கு ஆன்லைன் மனநல ஆலோசனையையும் இலவசமாகக் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், 'அயர்ன் மெய்டன்' பாடகர் புரூஸ் டிக்கின்சன் விமான கேப்டன். தன் குழுவையே விமானத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டிப்போனவர். பாணர்கள் கேள்விப்பட்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்கள்.

தமிழர்களுக்கு நெருக்கமானது சிங்கப்பூரின் 'ருத்ரா'. 1992-ல் தொடங்கிய குழு. உபநிடதம், கீதை சார்ந்த வரிகளை மெட்டலில் பாடும் இவர்கள் தங்கள் இசைக்கு வைத்த பெயர் 'வேதிக் மெட்டல்'. பாடி, பேஸ் கிடாரும் வாசிக்கும் கதிரசன், மேடைக்கு வெளியே வேதாந்தமும் மன விழிப்புநிலைப் பயிற்சியும் கற்றுத்தருகிறார். மேடையில் உறுமல், வகுப்பில் அமைதி. ஒன்று இன்னொன்றுக்கு இடைஞ்சல் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. 30 வருடங்களைத் தாண்டியும் ஆல்பம் போட்டவர்கள் இவர்கள். சோற்றுக்கு ஒரு வேலை இருந்தால் பாட்டு மறந்துவிடும் என்பது இவர்கள் விஷயத்தில் நடக்கவில்லை.

மலையேறும் முன்பே, சேந்தமங்கலத்தின் சன்னியாசிக் கரட்டில் தத்தாத்ரேயர் கோயிலும் சுவயம்பிரகாச அவதூதரின் நினைவிடமும் இருக்கின்றன. உடைமை எதுவும் வேண்டாம் என்று இருந்தவர் அடிவாரத்தில், இருந்ததையெல்லாம் கொடுத்தவன் மலைமேல். ஒரே பயணத்தில் இருவரையும் பார்த்துவிடலாம்.

மேலே சோளக்காடு வந்ததும் சந்தை. மிளகு, காபி, அன்னாசி, பலா, சாமை. அடுத்து செம்மேடு. அங்கே ஓரி குதிரைமேல் சிலையாக இருக்கிறான். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனால், அங்கிருந்து ஆயிரத்துக்கும் அதிகமான படிகள் ஆகாய கங்கை அருவிக்கு இறங்குகின்றன. தேவாரப் பண்களில் ஒன்றுக்கும் 'கொல்லி' என்றே பெயர். அப்பர் பாடிய முதல் பதிகம் அந்தப் பண்ணில்தான். ஆனால், அருவிக்குப் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பண்ணும் காதில் விழாது. விழுகிற தண்ணீரின் சத்தம் அத்தனை பலம்.

இறங்குவது சுலபம், ஏறுவதுதான் சோதனை. முழங்கால் வலி உள்ளவர்கள் கோயிலோடு நின்றுகொள்வது உத்தமம். மழைக்காலத்தில் அருவிக்கு அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கூட்டம் பரவாயில்லை, திருவிழா பார்க்க வேண்டும் என்றால் ஆடி 18-ஐ ஒட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்குப் போகலாம். வில்வித்தைப் போட்டி உண்டு, மேடையில் ஆட்டமும் பாட்டும் உண்டு. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக பஸ்கள் செல்கின்றன. வயிற்றைப் புரட்டும் என்று பயப்படுபவர்கள் காரவள்ளிக்கு முன்பே முன்சீட்டுக்கு மாறிவிடுங்கள்!