தண்ணீர் உள்ளே வரக் கூடாது; வராமலும் இருக்கக் கூடாது!

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மையத்திலிருந்து 60-ம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் விட்டியர் நேரோஸ் வருகிறது. 1957-ல் கட்டி முடிக்கப்பட்ட வெள்ளத் தடுப்பு அணையை ஒட்டிய பெரிய பூங்கா இது. இதற்குள் இருக்கிறது லெக் ஏரி. மெக்சிகோவிலிருந்து வந்த சிற்பி பெஞ்சமின் டொமிங்கெஸ் சிமென்ட்டில் செய்த டிராகனும் ஆக்டோபஸும் கரையில் இன்றும் நிற்கின்றன. அவற்றின் மீது ஏறி விளையாடத்தான் குழந்தைகள் முதலில் ஓடுவார்கள்.

பந்தய நாளில் மட்டும் கதை வேறு. தண்ணீர்ப் பக்கமிருந்து 'விர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். மிக்ஸியை முழு வேகத்தில் விட்டதுபோல் இருக்கும். குழந்தைகள் டிராகனை மறந்துவிட்டுக் கரைக்கு வந்துவிடுவார்கள்.

அங்கே ஓடுவது ரிமோட்டில் இயங்கும் பேட்டரிப் படகுகள். பல படகுகளின் நீளம் ஒரு மீட்டர்கூட இருக்காது. வேகமோ மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொடும். மிதவைகளைச் சுற்றி, கடிகார முள் போகும் திசையில் போட்டி நடக்கிறது. ஓட்டுபவர் ரிமோட்டோடு கரையில் நிற்பார். பக்கத்தில் உதவியாளர் ஒருவர் இருப்பார். படகைத் தண்ணீரில் விடுவதும், எந்தப் படகு எங்கே வருகிறது என்று குரல் கொடுப்பதும் அவர் வேலை. அப்பா ஓட்ட, மகளோ மகனோ குரல் கொடுக்கும் ஜோடிகளும் உண்டு.

பார்க்க விளையாட்டுதான். ஆனால் பல மாதம் வேலை செய்து உருவாக்கிய படகு சில நொடிகளில் நொறுங்கலாம், மூழ்கலாம், உள்ளே கருகியும் போகலாம். அதனால் உண்மையான போட்டி வீட்டு மேசையிலேயே தொடங்கிவிடுகிறது.

எங்கே பலம் வேண்டும்?

இந்தப் படகுகளின் உடல் பெரும்பாலும் மெல்லிய ஃபைபர் கிளாஸ். கையால் அழுத்தினால் லேசாக வளையும். அந்த வேகத்தில் சின்ன அலைகூட சுத்தியல் அடிபோல் விழும். அடிப்பகுதி வளைந்தால் மோட்டாரையும் புரொப்பெல்லரையும் இணைக்கும் தண்டு நேர்கோட்டிலிருந்து விலகும். உராய்வு கூடும். அதே வேகத்துக்கு மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும். சூடாகும். ஆக, உடல் பலவீனமாக இருந்தால் அதன் விலையை மோட்டார்தான் கொடுக்கிறது.

அதற்காகப் படகு முழுக்க பூசிப் பூசிக் கனமாக்கவும் முடியாது. கனமான படகைத் தள்ளவும் மின்சாரம் கூடத்தான் வேண்டும். எனவே அனுபவசாலிகள் நாலு இடங்களைத்தான் பார்ப்பார்கள்: தண்ணீரை உரசும் அடிப்பகுதி, மோட்டார் உட்காரும் இடம், சுக்கானைத் தாங்கும் பின்பலகை, மேல்பாகமும் கீழ்பாகமும் சேரும் விளிம்பு.

உள்பக்கத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, ஃபைபர் கிளாஸ் அல்லது கார்பன் ஃபைபர் துணியை எபாக்ஸி பசையில் நனைத்து ஒட்டுகிறார்கள். தேய்க்காமல் ஒட்டினால் முதல் மோதலிலேயே உரிந்து வந்துவிடும். மிஞ்சிய பசையை வழித்து எடுப்பதும் முக்கியம். பலம் தருவது துணி. மிஞ்சிய பசை எடையைத்தான் கூட்டும். கடைசியாக, படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருக்க உள்ளே ஃபோம் துண்டுகளை அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி மூடுவார்கள்.

மூடியதால் வரும் வம்பு

தண்ணீர் புகாமல் மூடிவிட்டால் காற்றும் புகாது. உள்ளே இருக்கும் சூடு எங்கே போகும்?

ஒரு சின்னக் கணக்கு. மோட்டார் 2,000 வாட் மின்சாரம் எடுக்கிறது, அதில் 85 சதவீதம் தண்டைச் சுழற்றப் பயன்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 300 வாட் வெப்பமாகிறது. கைக்கு அடக்கமான மோட்டாருக்குள் சின்ன அடுப்பு எரிவதுபோலத்தான். மின்சாரம் 10 சதவீதம் கூடினால், கம்பிச்சுருளில் உண்டாகும் வெப்பம் 21 சதவீதம் கூடும். அதனால்தான் ஆசைப்பட்டுப் பெரிய புரொப்பெல்லர் மாட்டியவர்கள் வேகத்துக்குப் பதில் புகையைப் பார்க்கிறார்கள்.

இதற்கு வைத்தியம் ஏரியிலேயே இருக்கிறது. சுக்கானில் முன்னோக்கி ஒரு சின்னத் துளை. படகு ஓடும் வேகமே தண்ணீரை அதற்குள் தள்ளும்; பம்ப் தேவையில்லை. சிலிக்கான் குழாய் வழியாக அந்தத் தண்ணீர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் மோட்டாரின் மேல்உறையையும் குளிரவைத்து, படகின் பக்கவாட்டில் மெல்லிய தாரையாக வெளியே பீய்ச்சும்.

கரையில் நிற்கும் உதவியாளரின் கண் அந்தத் தாரையையும் தேடும். அது நின்றால் துளையில் பாசியோ இலைத்துணுக்கோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். குழாயின் ஒரு இணைப்பு கழன்றுவிட்டால் இன்னும் மோசம்: படகு தன் வயிற்றுக்குள் தானே தண்ணீரை நிரப்பிக்கொள்ளும். எனவே படகை விடுவதற்கு முன் குழாயில் வாய் வைத்து ஊதிப் பார்ப்பது வழக்கம். ஒரு பக்கம் ஊதினால் மறுபக்கம் காற்று வர வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் போட்டி போட்டுக் கேட்டு வாங்கும் வேலை இது.

பேட்டரிதான் எல்லாவற்றையும்விடக் கவலை. லித்தியம் பாலிமர் பேட்டரி 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கெடத் தொடங்கும். உப்பினால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. ஓடி முடித்த பேட்டரியை நிழலில் ஆறவைத்த பிறகே மீண்டும் சார்ஜ் போட வேண்டும். உப்பியதை மறுபடி தொடவே கூடாது.

நடுஏரியில் ஒரு படகு நின்றுபோனால் அந்தச் சுற்று முடியும்வரை அது அங்கேயேதான் கிடக்கும். மற்ற படகுகள் அதை உரசிக்கொண்டு பறக்கும். உரிமையாளர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சுற்று முடிந்ததும் ஒரு துடுப்புப் படகு போய் எடுத்து வரும்.

ஒழுங்காக ஓடி முடித்த படகு கரைக்கு வந்ததும், எத்தனையாவது இடம் என்று கேட்பதற்கு முன்பே டேப்பைப் பிரித்து மூடியைத் திறப்பார்கள். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று ஒருவர் தடவிப் பார்ப்பார். இன்னொருவர் மோட்டார் மேல் விரல் வைப்பார். விரலை எடுக்காமல் வைத்திருக்க முடிந்தால், அடுத்த சுற்றுக்கும் படகு தயார்.