கிணற்றடியில் நின்ற ஆடாதோடை

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே போகும் பஸ் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் கடந்து மாங்குளம் சந்திக்கு வரும். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு வரை ஏறக்குறைய 50 கிலோமீற்றர். காடும் வயலுமாகப் போகும் அந்த வீதியில் ஒட்டுசுட்டானைத் தாண்டிவிட்டால் எனக்கு இருக்கை கொள்ளாது. அடுத்து முள்ளியவளை. அம்மாவின் ஊர். பக்கத்திலேயே தண்ணீரூற்று. பெயருக்கேற்ற மாதிரி நல்ல தண்ணீர் உள்ள மண்.

2008 கடைசியில் அந்த ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். இடம் இடமாக ஓடி, 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அப்பா எங்களோடு வந்து சேரவில்லை. முகாமிலிருந்து வெளியே வந்தபின் வவுனியாவில் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருந்தோம். 2011 இல்தான் அம்மாவும் நானும் எங்கள் வளவைப் பார்க்கப் போனோம்.

வீதியோரத்தில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள் சிவப்பாக நின்றன. துப்புரவாக்கிய பாதையால் மட்டும் போகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் வீடு இல்லை. வேலி இல்லை. கிளுவைக் கதியால், பூவரசங் கதியால் ஒன்றையும் காணவில்லை. ஆளுயரத்துக்கு நாயுண்ணிப் பற்றை. எது எங்கள் வளவு, எது பக்கத்து வளவு என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மா ஒன்றும் பேசாமல் கிணற்றடிக்கு நடந்தார். அங்கே நீண்ட இலைகளோடு ஒரு பச்சைச் செடி, அம்மாவைவிட உயரமாக நின்றது. வெள்ளைப் பூக்கள். பூவின் தொண்டைக்குள் ஊதாக் கீறுகள். ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "இதிலைதான் பிள்ளை என்ரை குசினி" என்றார். குசினித் தண்ணீர் வழிந்தோடும் வாய்க்கால் ஓரமாக அம்மம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட ஆடாதோடை அது.

"எல்லாம் அழிஞ்சு போச்சு. இது மட்டும் எப்பிடியம்மா நிக்குது?"

"கைப்பெல்லே! ஆடும் தின்னாது, மாடும் தின்னாது. அதாலை தப்பி நிக்குது."

ஆடு தொடா இலை என்பதே ஆடாதோடை ஆயிற்று என்று ஊரில் சொல்வார்கள். கிழக்குப் பக்கம் பக்கத்து வளவு மாமியின் எல்லையிலும் அம்மா வரிசையாக அதை நட்டிருந்தார். பற்றைக்குள் பார்த்தபோது ஆறேழு செடிகள் ஒரே நேராக நின்றன. மாமியும் கணவரை இழந்தவர். அவரிடமும் உறுதி இல்லை, எங்களிடமும் இல்லை. இரண்டு பேரும் அந்த வரிசையைப் பார்த்து, "இங்காலை உங்கடை, அங்காலை எங்கடை" என்று ஒரு சண்டையும் இல்லாமல் ஒத்துக்கொண்டார்கள். பத்திரங்களுக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்தது பிறகு நடந்த கதை. அன்றைக்கு எல்லைக் கல்லாக நின்றது அந்தச் செடிதான்.

மீள்குடியேறிய முதல் மாரியில் தறப்பாள் கொட்டிலுக்குள் ஈரம் ஊறியது. சின்னப் பிள்ளைகள் முதல் கிழவிகள் வரை இருமல். அயலெல்லாம் அம்மாவிடம் இலை கேட்டு வந்தது. அம்மா இலையோடு ஒரு தடியும் முறித்துக் கொடுப்பார். "இண்டைக்கு இலை, நாளைக்கு உன்ரை வேலி" என்பார்.

நடுவது மிகச் சுலபம். முற்றிய தண்டில் விரல் பருமனான தடியை ஓர் அடி நீளத்துக்கு வெட்ட வேண்டும். மூன்று நான்கு கணுக்கள் இருக்க வேண்டும். அடிப்பக்கத்தைச் சரிவாக வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையோடு நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலையும் மிச்சம். கோடையில் நட்டால் நிழல் கொடுத்து நாளாந்தம் தண்ணீர் விட வேண்டும். வெள்ளம் தேங்கும் இடம் ஆகாது, வேர் அழுகிவிடும். ஒரு மாதத்துக்குள் துளிர் காட்டும். வேலியாக வேண்டுமென்றால் இரண்டு அடிக்கு ஒன்று நடலாம். செடி நன்றாகச் செழித்தபின் கீழ் இலைகளைப் பறியுங்கள், நுனிக் குருத்தை விட்டுவிடுங்கள். கத்தரித்த கிளைகளை மரக்கறிப் பாத்தியில் தாட்டால் நல்ல பசளை.

அம்மாவின் கசாயக் கணக்கு இது. வளர்ந்த ஒருவருக்கு முற்றிய இலை நாலைந்து. நன்றாகக் கழுவி அரிய வேண்டும். வேர்க்கொம்பு சிறு துண்டு, மிளகு ஐந்து, மல்லி ஒரு மேசைக்கரண்டி ஆகியவற்றைத் தட்டிப் போட்டு, நாலு கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாக வற்றும்வரை மெல்லிய நெருப்பில் காய்ச்ச வேண்டும். வடித்து, காலையில் பாதி, மாலையில் பாதி. கைப்புக்குப் பனங்கட்டி ஒரு கடி. மூன்று நாளுக்கு மேல் இல்லை. அளவு மிஞ்சினால் சத்தியும் வயிற்றோட்டமும் வரும்.

இது வெறும் நம்பிக்கை அல்ல. இந்த இலையில் வசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தை உருவாக்கினார்கள். ஆனால் அதே வசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. ஆகையால் கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடவே கூடாது. பாலூட்டும் தாய்மாரும், சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைப்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் பாவிக்க வேண்டாம்.

இனிச் சொல்லப்போவது நான் வெட்கத்தோடு சொல்வது. 2016 இல் அம்மாவுக்கு இருமல் தொடங்கியது. அப்போது வீட்டுத்திட்டத்தில் சின்னக் கல்வீடு கட்டி அம்மா ஊரில் இருந்தார். நான் வவுனியாவில் வேலை. சனிக்கிழமைகளில் போவேன். போகும் ஒவ்வொரு முறையும் அடுப்பில் ஆடாதோடை கொதித்துக்கொண்டிருக்கும். நானும் வடித்துக் கொடுத்திருக்கிறேன். குடித்தால் சளி இளகும், இரண்டு நாள் சுகம்போல இருக்கும். பிறகு பழையபடி இருமல். மூன்று நாள் கணக்கை அயலாருக்குச் சொன்ன அம்மா, தனக்கு அதைச் சொல்லவில்லை. இரண்டு மாதம் போயிற்று. சட்டை தொளதொளத்தது. பின்னேரங்களில் காய்ச்சல், இரவில் வியர்வை. எல்லாவற்றையும் என்னிடம் மறைத்தார்.

பக்கத்து வளவு மாமிதான் படலையில் என்னை மறித்துச் சொன்னார். "பிள்ளை, உது சளி இருமல் இல்லை. கொம்மாவைக் கையோடை கூட்டிக்கொண்டு போ."

சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. அம்மா முதலில் சொன்ன வார்த்தை, "வெளியிலை சொல்லிப்போடாதை." குண்டுக்கும் ஷெல்லுக்கும் பயப்படாதவர் ஒரு வருத்தத்தின் பெயருக்குப் பயந்தார். எமது நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குச் சிகிச்சை இலவசம். ஆறு மாதம், ஒரு நாளும் தவறாமல் குளிசை. வீட்டில் கூட இருந்தவர்களையும் பரிசோதித்தார்கள். ஒழுங்காகக் குளிசை எடுத்தால் சில வாரங்களிலேயே மற்றவருக்குத் தொற்றும் அபாயம் பெரும்பாலும் நீங்கிவிடும் என்று விளக்கினார்கள். மாமி அந்த ஆறு மாதமும் காலையில் வந்து, அம்மா குளிசை விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போவார். அம்மா முற்றாகச் சுகமானார்.

ஆடாதோடை பிழை செய்யவில்லை. அது தன் வேலையைச் செய்தது, சளியை இளக்கியது. காசநோய்க் கிருமியைக் கொல்வது அதன் வேலை அல்ல. அதன் வேலை எங்கே முடிகிறது என்று பாராமல் விட்டது நாங்கள்தான்.

இன்று அந்தக் கிழக்கு எல்லையில் தகரமும் இல்லை, முள்ளுக்கம்பியும் இல்லை. ஆடாதோடை வேலிதான். அதில் ஒரு பொட்டு வைத்திருக்கிறார்கள், மாமி வந்து போக. இப்போதும் யாரும் இலை கேட்டு வந்தால் அம்மா கொடுப்பார், தடியும் கொடுப்பார். ஆனால் கொடுக்கமுன் இரண்டு கேள்வி கேட்பார். "வயித்திலை பிள்ளை கிள்ளை இருக்கோ?" "இருமல் எத்தினை நாள்?" இரண்டு கிழமை தாண்டிவிட்டது, அல்லது சளியில் இரத்தம், மெலிவு, பின்னேரக் காய்ச்சல் என்று சொன்னால் இலை கிடையாது. "முதல்லை ஆசுப்பத்திரி. இலை எங்கையும் ஓடாது, வேலியிலை நிக்கும்" என்பார்.

சகோதரிகளே, எங்களில் எத்தனையோ பேர் எங்கள் வருத்தத்தைக் கடைசியாகத்தான் பார்க்கிறோம். பிள்ளைக்கு, மாமியாருக்கு, ஆட்டுக்குட்டிக்குப் பார்த்தபின்தான் எங்களுக்கு. அம்மா கேட்கும் அந்த இரண்டு கேள்வியையும் உங்களிடமும் நீங்களே கேளுங்கள். இந்த மாரிக்கு உங்கள் கிணற்றடியிலும் ஒரு தடி ஊன்றுங்கள். காசு வேண்டாம், அயல் வளவில் கேட்டால் போதும்.