மாட்டுக்கு அட்டை இல்லை

2016ஆம் ஆண்டு மழை பொய்த்தபோது எங்கள் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. 2011லிருந்தே ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைத்துவந்தது. மழையை எதிர்பார்த்து நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நவம்பர் 1ஆம் தேதிதான் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அடுப்பு அணையவில்லை. நாங்கள் இழந்தது வேறு.

எங்கள் ஊர் நெற்குப்பைக்கு வருகிறவர்கள் செட்டியார் வீடுகளைப் பார்த்து, எழுத்தாளர் சோமலெ பிறந்த ஊர் என்று பேசிவிட்டுப் போவார்கள். அந்தத் தெருக்களைத் தாண்டினால் எங்கள் வயல்கள். கண்மாயை நம்பிய பூமி. சிவகங்கை மாவட்டத்தில் வருஷத்துக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்யும். அதில் கிட்டத்தட்டப் பாதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவில் கொட்டினால்தான் உண்டு. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் நெல்லை விதைத்துவிடுவோம். கிடைக்கிற மழையில் முளைக்கும். ஐப்பசி மழையில் நிமிரும். அதற்குள் வரத்துக்கால் வழியே கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேர்ந்தால், மழை ஓய்ந்த பிறகு மடை திறந்து கதிரைக் காப்பாற்றலாம். நெல் எங்களுக்கு, வைக்கோல் மாட்டுக்கு, சாணம் வயலுக்கு. பால் சொசைட்டியில் வருகிற பணம் மளிகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும். ஒரு ஏக்கர் சொச்சம் வைத்திருக்கிறவனின் குடும்பம் இப்படித்தான் ஓடும்.

அந்த வருஷமும் விதைத்தோம், முளைத்தது. அக்டோபர் 29 தீபாவளி. வெடிக் குப்பையைக் கரைக்கக்கூட மழை இல்லை. நவம்பர் 8ஆம் தேதி இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். 14ஆம் தேதிக்குப் பிறகு மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கக் கூடாது என்று உத்தரவு. எங்களுக்குக் கடனும் சேமிப்பும் கூட்டுறவோடுதான். கையில் இருந்த கொஞ்சத்தை மாற்ற டவுன் வங்கி வரிசையில் நின்றோம். வரிசையில் நின்றவர்கள் பணத்தைவிட மழையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

கார்த்திகை போயிற்று. கண்மாயின் உள்வாயில் வெடிப்பு விட்டிருந்தது. சீமைக் கருவேலம் மட்டும் பச்சையாக நின்றது. முழங்கால் உயரம் வந்த பயிர் நுனி கருகி, பிறகு தூரோடு வெளுத்தது. வரப்பில் நின்று பார்த்த அய்யா சொன்னார்: "அவுத்து விட்ருப்பா. நமக்குத்தான் ஆகல. மாடாச்சும் கொஞ்ச நாள் திங்கட்டும்."

விதைத்த கையாலேயே மாட்டை வயலுக்குள் ஓட்டினேன். கருகிய பயிரைப் பசு ஆவலோடு மேய்ந்தது. கண்ணெதிரே ஒரு வருஷத்து வைக்கோல் தீர்ந்துகொண்டிருந்தது.

மற்ற வருஷங்களில் முடை வந்தால் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் வைக்கோல் வரும். அந்த வருஷம் மேட்டூர் அணையே செப்டம்பர் 20ஆம் தேதிதான் திறந்தது; டெல்டாவிலும் பயிர் காய்ந்தது. மாநிலம் முழுக்க வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு என்று பின்னால் கணக்குச் சொன்னார்கள். ஒரு கட்டு வைக்கோலின் விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பியவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். ஆத்தா ரேஷன் அரிசியில் ஒரு பங்கைக் கஞ்சியாக்கித் தொட்டியில் ஊற்றினாள். பால் குறைந்தது, பிறகு நின்றது. பால் பணம் நின்றதும் தரகர் வந்தார்.

துண்டைப் போர்த்திக் கைக்குள் விரல் பிடித்துப் பேசுகிற பேரம் அது. அன்று துண்டுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. மணப்பாறைச் சந்தை மாட்டால் நிரம்பி வழிகிறது, வாங்க ஆள் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். பசுவும் கன்றும் ஒரே வண்டியில் ஏறின.

அது தை மாதம். தொலைக்காட்சியில் மெரினா. ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து லட்சக்கணக்கான பிள்ளைகள் கடற்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். சென்னையில் வேலை பார்க்கும் தம்பி மகன் அங்கிருந்து போன் செய்தான்: "நம்ம மாட்ட விட்டுத் தரமாட்டோம் பெரியப்பா." அவன் குரல் கட்டியிருந்தது. "நேத்துத்தான் ஏத்தி விட்டோம்ப்பா" என்றேன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. சிராவயல் மஞ்சுவிரட்டுப் பார்த்து வளர்ந்த பிள்ளை. உண்மையான தவிப்போடுதான் உட்கார்ந்திருந்தான். மாட்டை அழிக்கச் சட்டம்தான் வேண்டும் என்றில்லை, வைக்கோல் இல்லாமல் போனாலே போதும் என்பதை நகரத்திலிருந்து பார்க்க முடியாது.

2017 ஜனவரி 10ஆம் தேதியே எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்திருந்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், நிலவரி தள்ளுபடி, நூறு நாள் வேலை 150 நாளாக உயர்வு. கால்நடைத் தீவனத்துக்கும் தொகை ஒதுக்கினார்கள். குறை சொல்வதற்கில்லை, ஆனால் தீவனம் பற்றிப் பேச்சு வந்தபோது எங்கள் தொழுவம் காலி. அந்த மார்ச்சில் குடிமராமத்து திரும்ப வந்தது. செலவில் பத்தில் ஒரு பங்கு பாசனக்காரர்கள் பொறுப்பு. கண்மாயும் வரத்துக்காலும் சீரானால் அடுத்த மழை வீணாகாது என்பது சரிதான். போன மழைக்கு அது பதில் ஆகாது.

அடுத்த வருஷம் மழை ஓரளவு பெய்தது, நெல் விளைந்தது. ஆனால் பசு வாங்கக் கடன் வேண்டும். பால் பணம் இல்லாதவனுக்கு யார் கொடுப்பார்கள்? வைக்கோலை வயலிலேயே வியாபாரிக்கு விற்றோம். சாணம் இருந்த இடத்துக்கு யூரியா மூட்டை வந்தது, அதற்கும் பணம். எங்கள் பக்கம் பல வீடுகளில் இதே கதை: ஒரே ஒரு பருவம் தவறியதற்கு மூன்று, நான்கு வருஷம் வட்டி கட்டினோம்.

உணவுக்குக் குறைவில்லை என்று கணக்கு எழுதுகிறவர்கள் தவறாக எழுதவில்லை; பானையில் சோறு இருந்தது. சின்ன விவசாயி வறட்சியில் முதலில் விற்பது மாட்டை, கடைசியில் திரும்ப வாங்குவதும் மாட்டைத்தான். ஆகவே வறட்சிக் காலத்து வைக்கோல் கார்த்திகையிலேயே ஊருக்கு வர வேண்டும். பொங்கல் கழிந்து வருவது, மாடு வைத்திருக்க வசதியுள்ளவனுக்குத்தான் போய்ச் சேரும்.