அரியர் வைத்த பாலம்!

கையில் ஒரு மேப். மேப்பில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் ஒரு புதையல். இதெல்லாம் சினிமாவில்தான் நடக்கும்னு நினைக்கிறீங்களா? உங்க சட்டைப் பையில் இருக்கிற செல்போனே போதும் பாஸ்! அப்படி ஒரு புதையலைத் தேடிப் போன இடத்தில், மூணு வாரமா வீட்டுக்குச் சொல்லாமல் நான் புதைச்சு வெச்சிருந்த ஒரு விஷயம் வெளியே வந்த கதை இது.

முதலில் விளையாட்டைச் சொல்லிடறேன். பெயர் ஜியோகேச்சிங். ஜி.பி.எஸ். சிக்னலை அமெரிக்க ராணுவம் ஒரு காலத்தில் வேணும்னே கெடுத்துத்தான் பொதுமக்களுக்குக் கொடுத்தது. நூறு மீட்டர் வரைக்கும் தப்பா காட்டும். 2000 மே 1 நள்ளிரவோடு அந்தக் குளறுபடியை நிறுத்தினாங்க. உடனே சிக்னல் துல்லியமாச்சு. ரெண்டே நாளில், மே 3-ம் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துக் காட்டில் ஒரு பக்கெட்டை ஒளிச்சு வெச்சு, அட்சரேகை, தீர்க்கரேகையை இன்டர்நெட்டில் போட்டார். 'முடிஞ்சா கண்டுபிடி!' அவ்வளவுதான். இன்னிக்கு உலகம் முழுக்க லட்சக்கணக்கான டப்பாக்கள் ஒளிஞ்சு கிடக்கு. கண்டுபிடிச்சா உள்ளே இருக்கிற நோட்டில் கையெழுத்துப் போடணும். ஒரு பொருளை எடுத்தா, பதிலுக்கு ஒண்ணு வைக்கணும். திரும்ப அதே இடத்தில் ஒளிக்கணும். விளையாட்டு தெரியாத அப்பாவிகளுக்கு, ஹாரி பாட்டர் கதையில் வர்ற மாதிரியே 'மகிள்'னு பேர். அவங்க கண்ணில் படாமல் தேடணும். அதான் த்ரில்லே!

2019 மார்ச். நான் இங்கிலாந்தில், பிரிஸ்டலில் எம்.எஸ்ஸி. படிச்சிட்டிருந்தேன். கரூர்ப் பக்கம் எங்க அப்பாவுக்குத் தறிப்பட்டறை. அம்மாவோட நகை அடகுக் கடையில், நான் ஃப்ளைட்டில். ஜனவரியில் எழுதின ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் ரிசல்ட் வந்தது. பாஸுக்கு 50. எனக்கு 38. வீட்டில் கேட்டப்போ, "எல்லாம் பாஸ்ப்பா"ன்னுட்டேன். அதுக்கப்புறம் ராத்திரியில் தூக்கம் வரணுமே?

ரூம்மேட் திருநெல்வேலிக்காரன். நான் போர்வைக்குள்ளேயே கிடக்கிறதைப் பார்த்துட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஏலே, எந்திரில. புதையல் எடுக்கப் போவோம்"னு இழுத்துட்டுப் போனான். பஸ் ஏறி சுமார் இருபது கிலோமீட்டர். கிளீவ்டன்னு ஒரு சின்னக் கடற்கரை ஊர். அங்கே இருக்கு ஒரு பழைய பியர்.

பியர்னா நீங்க நினைக்கிற ஐட்டம் இல்லை! கரையிலிருந்து கடலுக்குள்ளே நீளும் நடைபாலம். அந்தக் காலத்தில் நீராவிக் கப்பல் வந்து நிற்க, ஜனங்க காற்று வாங்க, கட்டி வெச்சாங்க. அங்கே கடல் ஏறி இறங்குகிற உயரம் சுமார் 14 மீட்டர். நாலு மாடிக் கட்டடம் அளவுக்குத் தண்ணீர் வந்து வந்து போகும்! அதனால் உயரமான, ஒல்லிக்குச்சிக் கால்கள். 312 மீட்டர் நீளம். 1869-ல் திறந்தாங்க. இரும்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? சவுத் வேல்ஸ் ரயில்வேயில் கழிச்சுப் போட்ட பழைய தண்டவாளம்! ஒன் டைரக்‌ஷன் ரசிகர்களே, 'யூ அண்ட் ஐ' வீடியோவில் பசங்க நடந்து வர்றது இந்தப் பாலத்தில்தான்.

எங்க புதையல் நேரடியா கிடைக்கிற டைப் இல்லை. பாலத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் கண்டுபிடிச்சு, அந்த எண்களை வெச்சு டப்பா இருக்கிற இடத்தைக் கணக்குப் போடணும். டிக்கெட் வாங்கி உள்ளே போனோம். எல்லாம் ஈஸியா போச்சு. ஒரு கேள்வி மட்டும் இடிச்சது: 'இந்தப் பாலத்தின் எத்தனை கண்கள் விழுந்தன? அதை 9-லிருந்து கழி.'

கரையிலிருந்து நுனி வரைக்கும் பாலம் ஜம்முனு நிக்குது. எது விழுந்தது? "கேள்வியே தப்புடா. பூஜ்யம் போடு"ன்னேன். ஒன்பதில் பூஜ்யம் போனால் ஒன்பது. போட்டோம். புள்ளி நடுக்கடலில் போய் உட்கார்ந்துச்சு!

அட்சரேகையில் அந்த ஒரு இலக்கம் ஒண்ணு மாறினாலே 185 மீட்டர் தள்ளிப் போயிடும். ரெண்டு பேரும் போனையும் கடலையும் மாத்தி மாத்திப் பார்த்து முழிச்சிட்டு நின்னோம். பெஞ்சில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, "என்ன தேடறீங்க?"ன்னு கேட்டார். மகிள்! மாட்டிக்கிட்டோம். வேற வழியில்லாமல், "பாலம் எப்பவாவது விழுந்துச்சா?"ன்னு கேட்டுட்டேன்.

தாத்தா சிரிச்சார். "ரெண்டு கண் விழுந்தது. 1970-ல். பரீட்சையில்."

பரீட்சையா? ஆமாங்க. பாலம் எவ்வளவு கனம் தாங்கும்னு இன்ஷூரன்ஸுக்காகச் சோதனை வெச்சிருக்காங்க. ஆட்களுக்குப் பதிலா தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு கண் மேலேயும் வெச்சுப் பார்த்தாங்க. கரையிலிருந்து வரிசையா தாங்கிட்டே வந்த பாலம், கடைசிப் பக்கம் மளமளன்னு கடலில் சரிஞ்சிருச்சு. மொத்தமே எட்டு கண். அதில் ரெண்டு அவுட்!

"அப்புறம் இடிச்சிடணும்னு கவுன்சில் சொல்லலையா?"ன்னான் ரூம்மேட்.

சொன்னாங்களாம். ஊர்க்காரங்க விடலை. 1980-ல் விசாரணை நடந்தது. கவிஞர் ஜான் பெட்ஜமனே பாலத்துக்காகப் பேசினார். அப்புறம் பாலத்தைப் பகுதி பகுதியா கழட்டி, பக்கத்து ஊருக்குக் கொண்டு போய் ரிப்பேர் பண்ணி, திரும்பக் கொண்டு வந்து மாட்டினாங்க. 1989-ல் பாதி திறந்தது. நுனி வரைக்கும் திறக்க 1998 ஆச்சு. 28 வருஷ அரியர்! 2001-ல் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலிலேயே சேர்த்துட்டாங்க. நாங்க மிதிச்சிட்டு நின்ன பலகையில் குட்டிக் குட்டி பித்தளைத் தகடுகள். காசு கொடுத்தவங்க பேர்.

தாத்தா எழுந்து கோட்டைத் தட்டிக்கிட்டே ஒண்ணு சொன்னார்: "நல்லவேளை, பரீட்சையில் விழுந்தது. நாங்க மேலே நிக்கும்போது விழலை."

எனக்குப் பொட்டில் அடிச்ச மாதிரி இருந்தது. 38 மார்க்கும் அதைத்தானே சொல்லுது? எந்தக் கண் வீக்னு காட்டிக் கொடுக்கிறதுதானே பரீட்சையோட வேலை? நானோ எல்லாக் கண்ணும் நல்லா இருக்குன்னு வீட்டுக்குப் பூஜ்யம் போட்டு அனுப்பிட்டு, நடுக்கடலில் முழிச்சிட்டு நிக்கறேன்.

ஒன்பதில் ரெண்டு போக ஏழு. புள்ளி கரைக்குத் திரும்பியது. அரை மணி நேரத்தில் டப்பா கையில்! எங்கேன்னு மட்டும் கேட்காதீங்க, சொன்னால் ஆட்டத்துக்கே துரோகம். உள்ளே ஒரு பொம்மைக் கார், ரெண்டு பட்டன், ஒரு நோட்டு. கையெழுத்துப் போட்டோம். நான் எதையும் எடுக்கலை. பர்ஸில் இருந்த அஞ்சு ரூபாய் காசை மட்டும் போட்டுட்டு வந்தேன்.

அங்கேயே கல்லில் உட்கார்ந்து போன் போட்டேன். ஊரில் ராத்திரி எட்டரை மணி. பின்னாடி தறிச் சத்தம் கேட்டது.

"அப்பா... ஒரு பேப்பர்ல ஃபெயிலுங்ப்பா. உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேனுங்ப்பா."

பதில் இல்லை. தறிச் சத்தம் மட்டும். அப்புறம் அது நின்னுச்சு. ஆஃப் பண்ணச் சொல்லியிருக்கார் போல.

"மறுக்கா எழுத எவ்வளவு கட்டோணும்?"

அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்தக் கேள்விதான் அழ வெச்சிருச்சு. சொன்னேன்.

"செரி கண்ணு. அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். எதுல வீக்குன்னு பாத்து அதை மொதல்ல படி."

ஆகஸ்டில் மறுபடி எழுதினேன். எங்க காலேஜில் ரீசிட்டில் எவ்வளவு எடுத்தாலும் 50-தான் போடுவாங்க. அந்த 50 இன்னிக்கும் என் மார்க் ஷீட்டில் இருக்கு. இன்டர்வியூவில் யாராவது அதைச் சுட்டிக் காட்டினால், நான் மழுப்பறதில்லை. பாலத்துக் கதையைச் சொல்லிடுவேன்.

உங்ககிட்டேயும் ஒரு அரியர் இருக்கலாம். வீட்டுக்குத் தெரியாத ஒரு 38 இருக்கலாம். புதையல் தேடி இங்கிலாந்து வரைக்கும் போக வேண்டாம். போனை எடுங்க. ஜி.பி.எஸ்ஸை ஆன் பண்றதுக்கு முன்னாடி, வீட்டுக்கு ஒரு கால் போட்டுடுங்க!