பெரிய நாய்க்கு இரண்டடித் தடை

நாய்களுக்கான தடைதாண்டற் போட்டி குதிரைப் பாய்ச்சலைப் பார்த்துப் பிறந்தது. 1978ஆம் ஆண்டு இங்கிலாந்தின் 'கிரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சியில், இடைவேளையிற் பார்வையாளர் சலிப்படையாதிருக்க ஆடிக்காட்டிய விளையாட்டு அது. இன்று யூடியூப் வழியாக மட்டக்களப்பு வாவிக்கரையையும் எட்டிவிட்டது.

கல்லடியில் எமது அயலிலுள்ள இளைஞன் ஒருவன் ஜேர்மன் ஷெப்பேர்ட் குட்டி வளர்க்கிறான். வயது ஏழு மாதம். தென்னங்குற்றிகளின் மேல் தடியை வைத்து, கடற்கரை மணலில் அதைப் பாயப் பழக்குகிறான். "மாமா, பாருங்க, மூன்றடி பாயுது" என்று பெருமையோடு அழைத்தான். பாய்ந்தது உண்மை. ஆனால் இறங்கும்போது உடற்பாரம் முழுவதையும் முன்னங்கால்கள் வாங்கின. சர்வதேசப் போட்டிகளிற்கூடப் பெரிய நாய்க்கு வைக்கும் தடை ஏறத்தாழ இரண்டடிதான்.

இந்த விளையாட்டிற் கொடிகட்டிப் பறப்பது போர்டர் கொலி இனம். இருபது கிலோவுக்கு உட்பட்ட, வளைந்து கொடுக்கும் உடம்பு. வளர்ந்த ஆண் ஷெப்பேர்டோ முப்பது முதல் நாற்பது கிலோ. தோள் உயரம் 60 முதல் 65 சென்ரிமீற்றர். அது நுழைய வேண்டிய குழாயின் விட்டம் 60 சென்ரிமீற்றர். குனிந்து, கால் மடக்கித்தான் ஓட வேண்டும். வரிசையாக நட்ட பன்னிரண்டு கம்பங்களுக்கிடையிலும் அதே இடைவெளிதான். கொலி பாம்புபோல நெளியும் இடத்தில் பெரிய நாய் முதுகெலும்பை முறுக்கிக்கொள்கிறது. ஏற்ற இறக்கப் பலகையிலோ பாரம் கூடிய நாய் ஏறியதும் மறுமுனை படாரென்று தரையில் அறையும். ஒருமுறை அஞ்சிய நாய் மறுபடி அதில் ஏற எளிதில் இணங்காது.

"பொலிஸ் நாயெல்லாம் மதில் பாயுதே, மாமா?" என்றான் பெடியன். நியாயமான கேள்வி. ஆனால் அவை தேர்ந்தெடுத்து, பயிற்றுநர் பொறுப்பில் பழக்கப்படுபவை. பெரிய இனங்களில் எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பு இறுக ஒன்றரை ஆண்டுவரை செல்லலாம். அதற்குள் மீண்டும் மீண்டும் பாயவிட்டால் அது சேதமடையலாம். ஷெப்பேர்டுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாகவே வரக்கூடியது. பதினெட்டு மாதம் நிரம்பாத நாயைப் பல நாடுகளில் போட்டியில் அனுமதிப்பதில்லை, காரணம் இதுதான்.

நமது வெயில் வேறு. நாய் பெரும்பாலும் இரைத்துத்தான் உடற்சூட்டைத் தணிக்கிறது. உடம்பு பெருக்கப் பெருக்கச் சூடு வெளியேறுவது கடினம். ஷெப்பேர்டுக்கு இரட்டை ரோமப் போர்வையும் உண்டு. கச்சான் வீசும் மாதங்களில் முற்பகலிலேயே மணல் உள்ளங்காலைச் சுட்டுவிடும்.

தடியை நிலத்திற் கிடத்தி நடந்து கடக்கப் பழக்கச் சொன்னேன், அதிகாலையில் மட்டும். மணந்து தேடும் விளையாட்டுகளையும் சொல்லிக் கொடுத்தேன்.

"அப்ப வாவியில நீந்த விடட்டா?" என்றான்.

மூட்டுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆனால், மகன், வாவியில் முதலை இருக்கிறதே.